சல்லி மணலில் நீ இறக்கிய காற்று

மச்சான்,

வண்டி ரயரிலிருந்து இறங்கும் காற்றுக்கு ஒரு மணம் இருக்கிறது. பழைய றப்பரும், வெயிலில் காய்ந்த கருவாடும், கனகாலம் பூட்டிக் கிடந்த அறையும் சேர்ந்த மாதிரி ஒரு மணம். நேற்றுப் பின்னேரம் நிலாவெளிக் கரையில் அது என் மூக்கில் ஏறியது. ஏறியதும் எனக்கு இருபத்தாறு வயது. பக்கத்தில் நீ சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அணைந்த சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாய்.

நடந்தது இதுதான். என் தங்கையின் மகன் புதுப் பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறான். யப்பான்காரன் செய்தது. எங்கள் தலையில் குண்டு போட்டவன்தான் இப்போது இதையும் செய்து அனுப்புகிறான் என்று சொன்னேன், அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மீன் ஏற்றுவதற்குக் கரைவரை போகலாம் என்று வண்டியை மணலில் இறக்கினான். பின் சில்லு இரண்டும் சுற்றின, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அவன் இறங்கினான், தென்னை ஈர்க்குத் துண்டு ஒன்றைப் பொறுக்கினான், அதை வால்வில் குத்திப் பின் சில்லுகளின் காற்றை இறக்கினான். அப்போதுதான் அந்த மணம். அதற்குப் பிறகு அவன் என்னிடம் ஒன்று கேட்டான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ போய் மூன்று மாதம். நீ இருக்கும்போது நான் உனக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. உப்புவெளியிலிருந்து சைக்கிளை மிதித்தால் சல்லி, நேரே கதைத்துவிடலாம், பிறகு எதற்குக் கடிதம்? இப்போது நீ சைக்கிளுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறாய். எழுத்தில் பிழை இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம்தான் உன்னை விட்டது என்று நீ சொல்லுவாய். சரி, வாசி.

யப்பான்காரன் குண்டு போட்ட அந்தச் சித்திரை மாதத்தை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க எனக்கு ஏலாது. காலமை தேத்தண்ணி குடிக்கிற நேரம் துறைமுகத்துக்கு மேலே விமானங்கள் வந்தன. வானம் தெரியாத அளவுக்கு வந்தன என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். நீ பன்னிரண்டுதான் என்றாய். உனக்குப் பன்னிரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாது என்று நான் சொன்னனான். எத்தனையோ, ஒரு கிழமைக்குள் பட்டினம் காலி. மாட்டு வண்டியிலும் தலைச்சுமையிலும் சனம் கந்தளாய்ப் பக்கமும் மூதூர்ப் பக்கமும் போய்விட்டது. துறைமுகத்துக்கு மரக்கறி ஏற்றிக்கொடுத்த என் முதலாளியும் கண்டிக்குப் போய்விட்டார். போகும்போது நான் ஓட்டின பிக்கப்பின் திறப்பை என் கையில் தந்து, தான் வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன், அவருக்குத்தான் அது தெரியாது.

அந்தப் பிக்கப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிரும். பழைய கார் ஒன்றின் பின்பக்கத்தை வெட்டி, பலகையால் பெட்டி அடித்த சாமான். எஞ்சினின் இழுவை பின் சில்லு இரண்டுக்கும் மட்டும்தான். முன் சில்லு இரண்டும் சும்மா கூட வரும், கலியாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி. ஆனால் நான் அதைத் தேத்தண்ணிக் கடையில் வைத்து வாயால் ஓட்டினால் அது மலையேறும், ஆறு தாண்டும். பட்டினம் காலியான பிறகு ஒரு செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். கந்தளாய்ச் சேற்றில் பின் ரயர்களுக்குத் தும்புக் கயிறு சுற்றி ஏறி வந்த கதை. கதையில் சேறு என் இடுப்புவரை இருந்தது. நீ மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். எனக்கு நீ பழக்கம், ஆனால் கூட்டாளி இல்லை. சல்லியில் கரைவலை வைத்திருக்கிறவன், அதிகம் கதைக்காதவன், அவ்வளவுதான். முடிந்ததும் எழும்பி வந்து என் முன்னால் நின்றாய்.

"நாளைக்குக் கொண்டு வா."

"எதை?"

"மலையேறுற பிக்கப்பை."

கடை முழுக்க என்னைப் பார்த்தது. ஓம் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

உன் விசயம் பிறகுதான் எனக்கு விளங்கியது. வெள்ளைக்காரத் துரைமார் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள், யப்பான்காரன் இறங்காமல் இருக்க வெள்ளிக்கிழமை பின்னேரம் சல்லிக் கரை நெடுகிலும் முட்கம்பி அடிப்பார்கள், அதற்குப் பிறகு கரைக்கு ஒருவரும் போக ஏலாது, கரையில் கிடக்கிற வள்ளம் கிடக்கிறதுதான் என்று. கடலில் இறங்கவும் தடை. உன் பெரிய வள்ளமும் வலையும் கரையில் கிடந்தன. மணல் மேட்டைத் தாண்டிப் பின்னால் இருக்கிற உப்புத்தண்ணிக் களப்பில் கொண்டுபோய்ப் போட்டால் தொழில் பிழைக்கும். அந்த வலையை நம்பி முப்பது வீட்டில் உலை ஏறியது. முப்பது பேர் பிடித்துத் தூக்குகிற வள்ளம் அது. குண்டுக்குப் பிறகு உன்னிடம் மிஞ்சியது ஒன்பது பேர், அதில் நாலு பேர் கிழவர்.

கால் மைல் தூரம்தான். நான் சொல்லும்போது அது ஒரு மைல் ஆகும், நீ மறுத்துப் பேசமாட்டாய்.

புதன்கிழமை முழுக்க வண்டிக்கு வேலை செய்தேன். குண்டில் எரிந்த லொறி ஒன்று வீதியோரம் கிடந்தது. அதன் பாரம் தாங்குகிற வில்லுத் தகடுகளில் நல்லதாக இரண்டைக் கழற்றி வந்து, ஒன்றை நெருப்பில் காய்ச்சி வளைத்து, பின் அச்சுக்கு மேலே ஒவ்வொரு பக்கமும் ஒன்று சேர்த்துப் போட்டேன். பிக்கப்பின் வயிறு இரண்டு அங்குலம் உயர்ந்தது. மணல் மேடு வயிற்றில் தட்டாமல் இருக்க அது வேணும். அது என்னுடைய மூளை, மச்சான், அதில் உனக்குப் பங்கு இல்லை. இன்றைக்கும் விட்டுத்தரமாட்டேன்.

வியாழக்கிழமை காலமை மணலில் இறக்கினேன். பத்து முழம் போனது, புதைந்தது. நான் அசரவில்லை. ட்ரைவர்மார் நாங்கள் காலமையில் மரக்கட்டையால் ரயரைத் தட்டிப் பார்ப்போம், டங் என்று கேட்கவேண்டும். மெத்தென்று கேட்டால் அவனை ட்ரைவர் என்று ஒருவனும் மதிக்கமாட்டான். ஆகவே ரயரில் காற்று போதாது என்று முடிவெடுத்தேன். சைக்கிள் பம்பால் அடித்து அடித்து நாலு ரயரையும் கல்லாக்கினேன். அதற்கு மேலே கந்தளாய்ச் சேற்றில் பெயர் எடுத்த என் தும்புக் கயிற்றைப் பின் சில்லுகளில் இறுக்கிச் சுற்றினேன். வள்ளத்தைக் கயிற்றில் கொளுவி, முத்துமாரியம்மனைக் கும்பிட்டு, அக்சிலேட்டரை அடிவரை மிதித்தேன்.

எஞ்சின் கத்தின கத்தலில் களப்புக் கொக்கெல்லாம் எழும்பியது. சில்லு சுற்றிய வேகத்தைப் பார்த்தால் அந்த நேரம் யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். கீழே பார்த்தால் வண்டி கிணறு தோண்டிக்கொண்டிருந்தது. சேற்றில் பிடித்துக் கொடுத்த கயிறு மணலில் மண்வெட்டியாக மாறிவிட்டது. அச்சுவரை புதைந்துவிட்டது.

கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்டுகள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். அவர்களுக்குத் தலைவி வள்ளியம்மை அக்கா, குரலால் காகத்தைக் கலைக்கிறவ. அவ குனிந்து சில்லைப் பார்த்துவிட்டு, "தம்பி, தண்ணி வந்தால் சொல்லு, குடம் எடுத்துக்கொண்டு வாறன்" என்றா. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது. நீ மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் கோபித்துக்கொண்டு போயிருப்பேன், வள்ளமும் அங்கேயே கிடந்திருக்கும்.

பொழுதுபடும்வரை வண்டியைத் தோண்டி எடுத்தோம். வெள்ளிக்கிழமை காலமை நான் வந்தபோது நீ பின் சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாய். நான் சுற்றின கயிறெல்லாம் அவிழ்ந்து ஒரு பக்கம் கிடந்தது. உன் கையில் வலை பின்னுகிற ஊசி, மான்கொம்பில் செய்தது. அதன் மெல்லிய முனையை வால்வுக்குள் வைத்து அமத்திக்கொண்டிருந்தாய். சீ என்று காற்று போய்க்கொண்டிருந்தது. முதல்நாள் நான் மூச்சிரைக்கப் பம்ப் அடித்த காற்று.

உன் கையைத் தட்டிவிட்டேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத ஏலாது, உன் மனுசி இந்தக் கடிதத்தைப் பார்க்கக்கூடும். வண்டி முதலாளியுடையது, ரயர் போனால் யுத்த காலத்தில் வேறு ரயர் கிடையாது, மீன்காரனுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று கத்தினேன். நீ மணலைக் காட்டினாய்.

"உன்ர சப்பாத்துக் குதி எவ்வளவு புதைஞ்சிருக்கு பார். பக்கத்தில என்ர காலைப் பார்."

பார்த்தேன். என் சப்பாத்து அடி ஒவ்வொன்றும் ஒரு குழி. உன் வெறுங்கால் அடி விரல் விரித்து, மேலோட்டமாக, ஒரு கோழி நடந்த மாதிரி. நீ என்னைவிட ஒன்றரை மடங்கு பாரம்.

"மணலை வெருட்டாதை, மச்சான்" என்றாய்.

என்னை நீ மச்சான் என்று சொன்னது அதுதான் முதல் தரம்.

நாலு ரயரையும் பாதிவரை இறக்கினாய். ரயர் பிதுங்கி, அடிப்பக்கம் பரந்து, எருமை படுத்த மாதிரி ஆகியது. ட்ரைவர்மார் ஆராவது கண்டால் நான் நாட்டை விட்டுப் போகவேண்டும் என்று பயந்தேன். பின் சில்லுக்கு மேலே பாரம் வேணும் என்று நான் சொன்னேன். மண்மூட்டை கட்ட நேரமில்லை. நீ போய் வள்ளியம்மை அக்காவையும் இன்னும் நாலு பேரையும் கூப்பிட்டாய். ஐந்து பேரும் நல்ல தேகக்காரர்.

"உன்ர பெட்டி உடைஞ்சால் எங்களைச் சொல்லாதை" என்றா அக்கா.

"நீங்கள் இறங்கேக்கதான் உடையும், இருங்கோ" என்றேன். அவவுக்கு அது பிடித்துக்கொண்டது.

பிறகு நீ செய்ததுதான் பெரிய வேலை. வண்டியின் படியில் ஏறி நின்றாய். அக்சிலேட்டரை நீ சொல்லும்போது மட்டும் மிதிக்கவேண்டும், நீ விடச் சொன்னால் விடவேண்டும், பிரேக் பக்கம் கால் போகக்கூடாது என்றாய். எனக்கு விளங்கவில்லை. நீ தகரக் கூரையில் கையால் தட்டி அம்பா எடுத்தாய். கரைவலை இழுக்கும்போது ஒருவன் பாட, மற்றவர் பதில் பாடி ஒன்றாக இழுத்து ஒன்றாக மூச்சு விடுகிற அந்தப் பாட்டு. பின்னாலே வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒன்பது பேரும் பதில் எடுத்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து ஐந்து பெண்டுகளும் எடுத்தார்கள், அந்த ஊரில் அம்பா ஆம்பிளைகளின் பாட்டு, இருந்தும் ஒருவரும் தடுக்கவில்லை. தட்டுக்கு மிதித்தேன், தட்டுக்கு விட்டேன். வண்டி அசைந்தது. அசைந்து நடந்தது. பனங்குற்றிகளின் மேல் வள்ளம் உருண்டு பின்னால் வந்தது. கடந்து வந்த குற்றிகளைக் கிழவர்கள் எடுத்து எடுத்து முன்னுக்குப் போட்டார்கள்.

மேட்டில் பாதி ஏறியதும் நின்றுவிட்டது. வள்ளத்துக்குக் கீழே கட்டை கொடுத்தார்கள். என் கால் தன்பாட்டில் மிதிக்கப் போனது. நீ கூரையில் பலமாக ஒரு அடி அடித்தாய். "பின்னுக்கு விடு" என்றாய். முன்னுக்குப் போகவேண்டிய வண்டியைப் பின்னுக்கு விடுவதா என்று கேட்க வாய் எடுத்தேன், உன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். எங்கள் சில்லு பதிந்து இறுகிய தடத்திலேயே கயிறு தொய்கிற அளவுக்கு நாலு முழம் பின்னுக்கு உருட்டி, நீ தட்டினதும் மெல்ல மிதித்தேன். தடத்தில் ஓடின வேகத்திலேயே வண்டி மேட்டின் முதுகில் ஏறியது. ஏறிய இடத்திலிருந்து களப்புத் தெரிந்தது. இவ்வளவு காலத்தில் எத்தனையோ இடத்தில் நின்று எத்தனையோ பார்த்திருக்கிறேன், மச்சான், அந்தக் களப்பு மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை. இதில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

வள்ளம் தண்ணீரைத் தொட்டபோது பொழுது சாய இன்னும் இரண்டு பனை உயரம் இருந்தது. வள்ளியம்மை அக்கா இறங்கினா. பெட்டியின் ஒரு பலகை உண்மையாகவே உடைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் வாழ்க்கை. முட்கம்பிச் சுருள் ஏற்றிக்கொண்டு பட்டாளத்துப் பெரிய லொறி ஒன்று கரைக்கு வந்தது. வந்த வேகத்தில் புதைந்தது. மீசை வைத்த சார்ஜன் ஒருவன் இறங்கிச் சில்லை உதைத்தான், கத்தினான். சற்றுத் தள்ளி மேட்டுக்கு மேலே போகிற எங்கள் தடத்தைக் கண்டான். மேட்டில் ஏறிக் களப்பில் கிடந்த வள்ளத்தைப் பார்த்துத் திரும்பி வந்து, இதை ஆர் செய்தது என்று கேட்டான். நீ கையை நீட்டி என்னைக் காட்டினாய்.

உன் ஊசி அப்போது என் கையில் இருந்தது. வண்டியைத் துடைக்கும்போது எடுத்து வைத்திருந்தேன். நான் போய் அவன் லொறியின் வால்வுக்குள் அதை வைத்து அமத்தினேன். என்னிடம் அப்போது ஆறு இங்கிலீசுச் சொல் இருந்தது, ஆறையும் அன்றைக்கே செலவழித்தேன். லொறி வெளியே வந்தது. அடுத்த கிழமை என்னை வேலைக்குக் கூப்பிட்டார்கள். யுத்தம் முடியும்வரை, நிலாவெளிக்கு அப்பாலும் மணலில் ஓடுகிற வண்டியெல்லாம் என் கையில்தான். வில்லுத் தகடு சேர்ப்பேன், பின்பக்கம் பாரம் வைப்பேன், காற்றை இறக்குவேன். மணல் ட்ரைவர் என்று பெயர் வந்தது. அந்தப் பெயரால்தான் கலியாணமும் வந்தது.

ஏன் என்னைக் காட்டினாய் என்று உன்னிடம் ஒருநாள் கேட்டேன். களப்பில் வலை இழுத்த முதல் நாள் அது. மீனைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தாய். வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒவ்வொன்று என்று குவித்துவிட்டு, கடைசியில் தனியாக ஒரு குவியல் வைத்தாய். இது ஆருக்கு என்று ஒரு கிழவர் கேட்டார். "பிக்கப்புக்கு" என்றாய். எங்கட கரையில் ஒரு வண்டிக்கு மீன் பங்கு கொடுத்தது அன்றைக்குத்தான். அப்போதுதான் நான் கேட்டேன்.

"நான் எண்டு சொன்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போயிடுவாங்கள். எனக்கு வலை கிடக்கு. நீ போ. நீ நல்லாச் சொல்லுவாய்" என்றாய்.

நல்லாத்தான் சொன்னேன். இவ்வளவு வருசமும் சொன்னேன். முதல் வருசம் நீயும் நானும் சேர்ந்து செய்ததாக இருந்தது. பிறகு நீ படியில் நின்றாய். பிறகு நீ வள்ளத்துக்குப் பின்னால் போய்விட்டாய். என் மகளின் கலியாண வீட்டில் சொல்லும்போது ரயரின் காற்றை இறக்கச் சொல்லி எனக்குக் கனவில் முத்துமாரி அம்மாள் சொன்னதாகவே வந்துவிட்டது. நீ அந்தப் பந்தியில்தான் இருந்தாய். வடையை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினாய். இன்னொரு தரம் ஊசியைக் கண்டியா என்று கேட்டாய். காணவில்லை என்றேன். அது அப்போது என் சட்டைப் பொக்கற்றில் இருந்தது, முனை வெளியே தெரிந்தது என்று நினைக்கிறேன்.

உன் செத்த வீட்டிலும் என்னை அந்தக் கதையைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன், அம்மாள் கனவோடு. முடிந்ததும் உன் மனுசி தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டுச் சொன்னா, "அவர் ஒருநாளும் மறுத்துச் சொன்னதில்லை அண்ணை. நீங்கள் சொல்லுறதைக் கேட்க அவருக்கு நல்ல விருப்பம்." தேத்தண்ணியைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

சரி, நேற்றைக்கு வருகிறேன். என் மருமகன் காற்றை இறக்கினான், நாங்கள் வெளியே வந்தோம். மீன் ஏற்ற நின்றவர்கள் சுற்றி நின்றார்கள். அவன் ஈர்க்கை எறிந்துவிட்டுக் கேட்டான், "மாமா, இது நீங்கள் கண்டுபிடிச்சதுதானே?" கேலிதான். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். கதை தொண்டைவரை வந்துவிட்டது. அந்த மணம் இன்னும் போகவில்லை.

இல்லை என்றேன். சல்லியில் ஒருவன் இருந்தான், அவன் கண்டுபிடித்தது, நான் அவன் தட்டின தட்டுக்கு மிதித்தவன் என்றேன். மருமகன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான், காய்ச்சலோ என்று.

ஆனால் மச்சான், என்னை உனக்குத் தெரியும்தானே. அதோடு நிற்பாட்ட எனக்கு ஏலாது. அவன் ஏழடி உயரம் என்றேன். ஊசி தேவையில்லை, பெருவிரலால் அமத்தினால் லொறி ரயர் மூச்சு விடும் என்றேன். ஒரு கையால் கூரையில் அம்பா தட்டினான், மற்றக் கையால் வள்ளத்தை இழுத்தான் என்றேன். முப்பது பேர் தூக்குகிற வள்ளம். மணல் மேடு மூன்று மைல். அவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒருவன் அந்த மனிசன் பேர் என்ன என்று கேட்டு, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். இனி அது அந்தக் கரையில் ஓடும்.

உன் ஊசி இதோ, இந்தக் கடதாசி பறக்காமல் மேலே வைத்திருக்கிறேன். முனை கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. உன் மனுசியிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று காலமை சைக்கிளை எடுத்தேன். சாம்பல்தீவுச் சந்திவரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். காணவில்லை என்று உனக்குச் சொல்லிவிட்டேனே, இனி அது காணாமல் போனதாகவே இருக்கட்டும். என் பொக்கற்றில்.